தக்காளி விலையும் டியூ தேதியும்

கேள்வி இரண்டு பகுதியாக வந்தது. வீடு வீடாகப் போய் ஆயுள் காப்பீடு பிடித்த காலத்தில் ஏஜென்டைக் கண்டால் ஜனங்கள் ஏன் அப்படி ஓடி ஒளிந்தார்கள்? இப்போது ஒருவர் இந்த வேலைக்கு வரலாமா? முதல் பகுதிக்கு விடிய விடியப் பதில் சொல்வேன். இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் 1989-ல் எல்ஐசி முகவராகச் சேர்ந்தேன். பாலக்கோட்டில் குடியிருந்தோம், வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 2004 பிப்ரவரியில்தான் தனியாகப் பிரிந்தது. மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், இவ்வளவுதான் என் சுற்று. டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, மிச்ச தூரம் நடை. ஒரு பொம்பளை தோளில் பையை மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்து வந்தால் ஜனங்கள் முதலில் சத்துணவு ஆபீசர் என்று நினைத்தார்கள், அப்புறம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்று நினைத்தார்கள். ஒரு வருடம் கழித்துத்தான் 'எல்ஐசி அக்கா' ஆனேன்.

எங்கள் பக்கம் 'இன்சூரன்ஸ்' என்றால் லாரிக்குக் கட்டுவது. மனுஷனுக்குக் கட்டினால் அது எல்ஐசி. 1956 செப்டம்பர் 1-ம் தேதி 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒன்றாக்கி அந்தக் கார்ப்பரேஷனை ஆரம்பித்தார்கள். அதிலிருந்து 2000-ல் தனியார் கம்பெனிகள் வரும் வரைக்கும் ஆயுள் காப்பீடு என்றால் ஏறக்குறைய அது ஒன்றுதான். அதனால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. தனியார் வந்த பிறகும் எங்கள் ஊர்க்காரர்கள் 'அந்தக் கம்பெனி எல்ஐசி, இந்தக் கம்பெனி எல்ஐசி' என்றே சொன்னார்கள்.

சரி, ஏன் ஓடினார்கள்? சாவைப் பற்றிப் பேசுவதால் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. விளக்கு வைத்த பிறகு, வெள்ளிக்கிழமை, வீட்டில் கர்ப்பிணி இருக்கும்போது, இந்தப் பேச்சை எடுக்கவே முடியாது. காரிமங்கலத்தில் ஒரு பாட்டி, நான் "நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா..." என்று ஆரம்பித்ததும் சொம்புத் தண்ணீரை வாசலில் வீசி ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு நானும் 'ஒண்ணு ஆயிட்டா' என்பதை விட்டுவிட்டேன். 'புள்ளைங்க படிப்புக்கு' என்று ஆரம்பிப்பேன். மணி பேக் பாலிசி எங்கள் ஊரில் அப்படி ஓடியதற்கும் இதுதான் காரணம். அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் கையில் காசு வருகிறது, யாரும் சாக வேண்டியதில்லை.

இன்னொரு பாதியை யாரும் வெளியே சொல்வதில்லை. ஏஜென்டு என்றால் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ, பிள்ளைக்குப் பாடம் எடுக்கும் வாத்தியாரின் சம்சாரமாகவோ இருப்பார். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல முடியாது. சீட்டுக்காரரிடம் 'போய்யா' என்று சொல்லலாம், மச்சானிடம் சொல்ல முடியுமா? அதனால் ஒளிந்தார்கள். என் வீட்டுக்காரருடைய பள்ளிக்கூடத்திலேயே நான் வாசலில் நுழைந்தால் ஸ்டாஃப் ரூமில் பாதி நாற்காலி காலியாகும். அவர்கள் கட்டினதெல்லாம் எனக்காகக் கட்டினது, அவர்களுக்காகக் கட்டினது இல்லை. அப்படி எடுத்த பாலிசிகள்தான் இரண்டாம் வருடம் முதலில் லேப்ஸ் ஆயின, அதாவது தவணை கட்டாமல் காலாவதியாயின. முகதாட்சண்யத்துக்கு ஒருவர் ஒரு தவணைதான் கட்டுவார்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது. அதுவரைக்கும் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்படி நினைக்க வைக்கும் ஏற்பாடும் இருந்தது. 15 வருடமோ அதற்கு மேலோ ஓடும் எண்டோமென்ட் பாலிசி (இறந்தாலும் பணம், முதிர்ந்தாலும் பணம்) என்றால் முதல் வருட பிரீமியத்தில் 25 சதவீதம் கமிஷன். அந்தக் கமிஷன் மேல் 40 சதவீதம் போனஸ் கமிஷன். ஆக மொத்தம் 35. அடுத்த இரண்டு வருடம் ஏழரை, அதன் பிறகு 5. முதல் வருடம் விருந்து, அப்புறம் பழைய சோறு. எந்த ஏஜென்டு பழைய சோற்றுக்காக ராயக்கோட்டைக்கு பஸ் ஏறுவான்?

ஆனால் லேப்ஸ் ஏன் ஆகிறது என்று என் நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. ஜனங்களிடம் காசு இல்லாமல் இல்லை. டியூ வரும் மாதத்தில் இல்லை. ஆபீஸ் உத்தியோகஸ்தருக்கு எல்லா மாதமும் ஒன்றுதான், சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். சந்தூர்ப் பக்கம் மாந்தோப்புக்காரருக்குக் காசு மே கடைசியிலிருந்து ஜூலைக்குள் வந்துவிடும். அவரிடம் டிசம்பரில் டியூ வைத்தால் கட்டவே மாட்டார். பென்னாகரத்தில் புளி உலுக்குகிறவர்களுக்கு மாசி, பங்குனி. பட்டுப்புழு வளர்க்கிறவர் தருமபுரி அங்காடியில் கூட்டை எடை போட்டு விட்டு வரும்போது கையில் பணம் இருக்கும், ஒன்றரை மாதத்துக்கு ஒரு தரம்; அவருக்குக் காலாண்டுத் தவணை சரியாகப் பொருந்தும். தக்காளிக்காரர் கதை வேறு. ஒரு வாரம் ராஜா, அடுத்த வாரம் மண்டிக்குக் கொண்டுபோன வண்டி வாடகைக்கே கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டு வருவார். அவரிடம் மாதத் தவணை என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. வருடத் தவணை வைத்து, விலை ஏறின வாரம் போய் நின்றுவிட வேண்டும். காலையில் ராயக்கோட்டை மண்டி விலையைக் கேட்டுவிட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன்.

பாலிசியை முன் தேதியிட்டு ஆரம்பிக்க வழி உண்டு, அதே நிதியாண்டுக்குள். டேட் பேக் என்போம். செப்டம்பரில் மனசு வந்த மாந்தோப்புக்காரருக்கு ஜூன் தேதி போட்டு, இடைப்பட்ட நாளுக்குக் கொஞ்சம் வட்டி கட்டவைத்தால், அப்புறம் ஆயுசுக்கும் டியூ மாம்பழ சீசனில் வரும். பலர் இதை வயதைக் குறைத்துப் பிரீமியம் மிச்சம் பண்ணத்தான் பயன்படுத்தினார்கள். நான் மாம்பழத்துக்காகப் பயன்படுத்தினேன். பிப்ரவரியில் வந்தவரிடம் மட்டும் இது எடுபடாது. நாலு மாதத்தில் மறுபடி கட்டு என்றால் அடிக்க வருவார்.

படிவம் நிரப்புவது தனிக் கலை. வயதுக்குச் சான்று கேட்டால் பள்ளிக்கூடம் போகாதவர் என்ன கொடுப்பார்? ஜாதகம் கொடுப்பார். அதையும் ஒரு சான்றாக ஏற்றுக்கொண்ட காலம் அது. ஜாதகமும் இல்லாதவரிடம் வயதைக் கேட்டால் "கேஆர்பி டேம் கட்டுறப்போ எங்கம்மா என்னை இடுப்புல தூக்கிட்டு மண்ணு சுமந்துச்சு" என்பார். அந்தக் கிருஷ்ணகிரி டேம் கட்டி முடித்தது ஐம்பதுகளின் கடைசியில், அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

பெண்கள் பேரில் பாலிசி என்றால் படிவத்தில் கூடுதலாகச் சில கேள்விகள் வரும். இப்போது கர்ப்பமா, கடைசிப் பிரசவம் எப்போது, கரு கலைந்திருக்கிறதா, ஆபரேஷன் பண்ணி எடுத்ததா. ஆம்பளை ஏஜென்டுகள் இதை வாயால் கேட்கக் கூச்சப்பட்டு, தாங்களே 'இல்லை, இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வந்துவிடுவார்கள். நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே கேட்பேன். மாரண்டஅள்ளியில் ஒரு பெண் அப்படித்தான், மாமியார் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, முதல் குழந்தைக்கு முன்னால் இரண்டு கலைந்ததைச் சொன்னாள். புருஷனுக்கே ஒன்றுதான் தெரியும். எழுதினேன். டாக்டரிடம் அனுப்பி, கொஞ்சம் இழுத்தடித்து, பாலிசி வந்தது. 'இல்லை' என்று எழுதியிருந்தால் ஒரு வாரத்தில் வந்திருக்கும். ஆனால் மூன்று வருடத்துக்குள் ஒருவர் இறந்தால் அந்தப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விசாரிப்பார்கள். இப்போதைய காப்பீட்டுச் சட்டத்தில் 45-வது பிரிவுப்படி மூன்று வருடம் தாண்டிவிட்டால் எந்தக் காரணத்துக்காகவும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. அப்போது இந்தக் கெடு இரண்டு வருடம்தான், ஆனால் வேண்டுமென்றே மறைத்தார் என்று நிரூபித்தால் அதற்கு மேலும் மறுக்கலாம். சர்க்கரை வியாதியை மறைத்து எழுதி, குடும்பம் ஒற்றைப் பைசா வாங்காமல் நின்றதை வேறொரு ஏஜென்டின் வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன். அங்கே நடந்ததை எழுத மனமில்லை.

நாமினி விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு வாய் அதிகம். கல்யாணத்துக்கு முன்னால் பாலிசி எடுத்த பையன் அம்மா பேரையோ அண்ணன் பேரையோ போட்டிருப்பான். கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளை பிறந்து, பங்காளிகள் தனித்தனியாக அடுப்பு வைத்த பிறகும் அந்தப் பேர் மாறாது. நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்கும் கைதான், பணம் வாரிசுகளுக்குத்தான் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1983-லேயே சொல்லிவிட்டது. சொல்லி என்ன? செக் அண்ணன் பேருக்கு வந்தால், புருஷனை இழந்த பெண் கோர்ட்டுக்குப் போய் வாங்கவா போகிறாள்? 2015-ல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்திய பிறகு பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று ஆகிவிட்டது. அப்படி ஆன பிறகு பேரை மாற்றாமல் விடுவது இன்னும் ஆபத்து. ஏனென்றால் அம்மா பேர் இருந்தால் அம்மாவுக்கே போய்விடும், மனைவி கேட்டு வாங்குவது இன்னும் கஷ்டம். எனக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால் மொய்க் கவரோடு நாமினி மாற்றும் படிவமும் பையில் இருக்கும். மாப்பிள்ளை பந்தியில் உட்காரும்போது கையெழுத்து வாங்கியிருக்கிறேன். படிவத்தில் பாயசம் சிந்தியதும் உண்டு.

கடன் வாங்கி வியாபாரம் பண்ணுகிற மாம்பழ மண்டிக்காரர்களுக்கு ஒரு சட்டம் சொல்லிக் கொடுப்பேன், பல ஏஜென்டுகளுக்கே தெரியாது. 1874-ம் வருடத்துத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம். ஒரு ஆள் தன் உயிர் மேல் எடுக்கும் பாலிசியை அந்தச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள் பேருக்கு எழுதிவிட்டால் கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. ஏமாற்றும் எண்ணத்தோடு செய்ததாக நிரூபித்தால் தவிர. பாலிசி எடுத்தவரும் அப்புறம் அதன் மேல் கடன் வாங்க முடியாது. இந்தக் கடைசி வரியைக் கேட்டதும் பாதிப் பேர் வேண்டாம் என்றுவிடுவார்கள்.

நிதியாண்டு முடியும் மார்ச் மாதம் வந்தால் பைத்தியம் பிடிக்கும். எங்களுக்கு மேலே இருக்கும் டெவலப்மென்ட் ஆபீசர் காலையில் வாசலில் நிற்பார், "அம்மா, இன்னும் நாலு கேஸ்". பாலிசி எடுக்கிறவரோ "மொதல் தவணைய நீ கட்டு, நான் கையெழுத்து போடுறேன்" என்பார். அப்படிக் கமிஷனைத் திருப்பிக் கொடுப்பது காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி குற்றம். கொடுப்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும். தெரிந்தே எல்லோரும் செய்தார்கள். நானும் முதல் மூன்று வருடம் செய்தேன். அந்தப் பாலிசிகளில் ஒன்றுகூட நிலைக்கவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவர், லாரி டிரைவர். 50,000 ரூபாய்ப் பாலிசி, விபத்தில் இறந்தால் இன்னொரு 50,000 தரும் விபத்துப் பலனோடு, காலாண்டுத் தவணை. விதிப்படி ஏஜென்டு தவணைப் பணத்தைக் கையில் வாங்கக் கூடாது. ஆனால் அவர் சேலத்துக்கும் பெங்களூருக்கும் ஓடிக்கொண்டிருப்பார், அவர் மனைவி தருமபுரிக் கிளையில் வரிசையில் நிற்க ஒரு நாள் கூலியை விட வேண்டும். அதனால் நான் போய் வாங்கி வந்து கட்டி, ரசீதை அடுத்த தரம் கொண்டுபோய்க் கொடுப்பேன். நாலு வருடம் ஒரு தவணை தப்பவில்லை. எனக்காகத் தகர டப்பாவில் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். உள்ளே ரூபாயோடு ஒரு மஞ்சள் துண்டும் இருக்கும், நோட்டெல்லாம் மஞ்சள் வாசம் அடிக்கும்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் பெரிய பெண்ணுக்குக் கல்யாணம். இரண்டு மாதம் நான் வெளியே போகவில்லை. டியூ தேதிக்கு மேல் 30 நாள் அவகாசம் உண்டு, அதுவும் போனது. சரி, அடுத்த தவணையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம், லேட் வட்டியை நானே போட்டுவிடலாம் என்று நினைத்தேன். நாலாவது மாதம் தொப்பூர் கணவாயில், இறக்கத்தில், அவர் வண்டி முன்னால் போன லாரியில் மோதியது.

துக்கத்துக்குப் போனேன். என்ன முகத்தை வைத்துக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை. அந்த அம்மாள் தகர டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இரண்டு தவணைப் பணமும் உள்ளே இருந்தது. "ரெண்டு தரம் கேட்டாருக்கா, எல்ஐசி அக்கா வரலியான்னு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அப்போதைய பாலிசிகளில் ஒரு சலுகை இருந்தது. மூன்று வருடம் முழுசாகக் கட்டியிருந்து, கட்டாமல் விட்ட முதல் தவணையிலிருந்து ஆறு மாதத்துக்குள் இறந்தால், கட்டாத தவணைகளைக் கழித்துக்கொண்டு முழுத் தொகையும் தருவார்கள். ஐந்து வருடம் கட்டியிருந்தால் அந்த ஆறு மாதம் ஒரு வருடமாகும். அந்தக் கணக்கில் 50,000 ரூபாயும் போனஸும் வந்தது. ஆனால் விபத்துப் பலன் இந்தச் சலுகைக்குள் வராது, பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். இன்னொரு 50,000 ரூபாய் போனது. காவேரிப்பட்டணத்தில் அந்தக் காலத்தில் அது ஒரு சின்ன வீட்டு மனையின் விலை. அதை அந்த அம்மாளிடம் நான் சொன்னேன், என்னால்தான் போயிற்று என்றும் சொன்னேன். அவர் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை. செக்கை வாங்கி, டப்பாவிலேயே வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி என் நோட்டில் டியூவும் அதன் அவகாச நாளும் இரண்டு கலரில் இருக்கும். என் சின்னப் பெண் கல்யாணத்தன்று காலையில் வீட்டுக்காரரை சைக்கிளில் அனுப்பி மூன்று தவணை வாங்கி வரச் சொன்னேன். சம்பந்தி வீட்டார் என்ன நினைத்தார்களோ.

என் வேலையில் குறையே இல்லை என்று எழுதினால் பொய். எண்டோமென்டும் மணி பேக்கும் நிறைய விற்றேன், இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். டேர்மில் பிரீமியம் கொஞ்சம், அதனால் கமிஷனும் கொஞ்சம், "ஒண்ணும் திரும்பி வராதா?" என்று கேட்பவருக்குப் புரிய வைக்க நாக்கு வறண்டுவிடும். 1990-ல் 25,000 ரூபாய்க்கு எடுத்த ஒருவர், வருடம் ஆயிரத்துச் சொச்சம் கட்டி, 2010-ல் முதிர்ந்தபோது 55,000 ரூபாய் சொச்சம் வாங்கினார். அவர் மனைவி அங்கேயே கணக்குப் போட்டார். பாலிசி எடுத்தபோது பவுன் 2,500 ரூபாய் வாக்கில், முதிர்ந்தபோது 14,000 ரூபாயைச் சுற்றி. "கட்டின காசுக்கு அப்பப்போ நகையா எடுத்திருந்தா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. "நகையா இருந்தா உங்க ஊட்டுக்காரர் போர் போட அடமானம் வெச்சிருப்பாரு" என்றேன். அவர் சிரித்தார், ஏனென்றால் அது உண்மை. ஆனால் அவர் கேட்டதும் உண்மைதான். 25,000 ரூபாயை நம்பி ஒரு குடும்பம் எத்தனை மாதம் களி கிண்டும்?

அந்த நகைக் கணக்குப் போடாதவர்கள் தொண்ணூறுகளில் 24 சதவீதம், 36 சதவீதம் வட்டி என்ற பைனான்ஸ் கம்பெனிகளில் போட்டுத் தொலைத்தார்கள். அப்புறம் ஈமு கோழி வளர்ப்புத் திட்டம். அதில் விட்டவர்கள் என்னிடம் வந்து "உன் எல்ஐசி மந்தம், ஆனா இருக்குது" என்றார்கள்.

இரண்டாவது கேள்வி. வரலாம். 10-ம் வகுப்பு முடித்திருந்தால் போதும், 25 மணி நேரப் பயிற்சி, ஐசி-38 என்ற தேர்வு, தமிழிலேயே எழுதலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை, அது ஒரு வசதி. தவணையை இப்போது எல்லோரும் போனிலேயே கட்டிவிடுகிறார்கள், பஸ் ஏற வேண்டாம். ஆனால் போன் யார் கையில் இருக்கிறது, நினைவூட்டும் எஸ்எம்எஸ் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவன் வருடத்துக்கு இரண்டு சிம் மாற்றுவான். நம்பரைக் கேட்டுக் கிளையில் மாற்றிக் கொடுப்பதுதான் அன்று நான் நடந்த நடைக்கு இன்றைக்கு ஈடு. பாலிசி எடுக்க வருகிறவரிடம் பெரிய பாலிசிக்குக் காசு இல்லை என்றால், வங்கிக் கணக்கில் வருடம் 436 ரூபாய் பிடிக்கும் மத்திய அரசின் ஜீவன் ஜோதி திட்டத்தில் முதலில் சேர்த்துவிடுங்கள். 2 லட்சம் ரூபாய்க்குக் காப்பு, வயது 18 முதல் 50 வரை. உங்களுக்குக் கமிஷன் என்று பெரிதாக எதுவும் வராது. மே மாதக் கடைசியில் கணக்கில் அந்த 436 ரூபாய் இருக்கிறதா என்று ஒரு தரம் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.